சான் பிரான்சிஸ்கோவில் இரண்டு நாள்: ஜோடியாகப் போகிறவர்களுக்கு

சான் பிரான்சிஸ்கோ போகும் தம்பதிகளே, வாடகைக் கார் எடுக்காதீர்கள். மேட்டுத் தெருக்களில் ஓட்டுவதும் பார்க்கிங் தேடுவதும் பாதி நாளைத் தின்றுவிடும். விமான நிலையத்திலிருந்து பார்ட் ரயில் பிடித்தால் அரை மணியில் நகர மையத்தில் உள்ள பவல் தெரு. அப்புறம் ஆளுக்கொரு முனி (நகரப் போக்குவரத்து நிறுவனம்) விசிட்டர் பாஸ் வாங்கிக்கொண்டால் பஸ், கேபிள் கார் எல்லாம் அதிலேயே அடங்கும்.

தெருவுக்கு அடியில் ஓடும் கம்பியைப் பிடித்துத் தண்டவாளத்தில் போகும், 1873 முதல் ஓடும் கேபிள் காரை மட்டும் தவறவிடக் கூடாது. பவல்-ஹைட் தடத்து வண்டியில் காலையிலேயே ஏறிவிடுங்கள். நேரம் போகப் போக வரிசை நீளும். தடத்தின் முனையில் ஊழியர்கள் வட்ட மேடையில் வண்டியைக் கையால் தள்ளித் திருப்புவதையும் நின்று பாருங்கள். வெளியே பார்த்த பெஞ்சில் வலப்பக்கம் இடம் பிடியுங்கள். ஹைட் தெருவில் வண்டி இறங்கும்போது வளைகுடாவும் அல்கட்ராஸ் தீவும் கண்முன் விரியும், அவ்வளவு அழகு!

அந்த அல்கட்ராஸ் தீவிலுள்ள பழைய சிறையைப் பார்க்க முன்பதிவு அவசியம். படகு பியர் 33 என்ற படகுத்துறையில் புறப்படும். கடல்சிங்கங்கள் படுத்துக்கிடக்கும் பியர் 39 பக்கத்திலேயே இருக்கிறது, நடந்தே போய்விடலாம்.

ஜூலை, ஆகஸ்டில் கோடைதானே என்று மெல்லிய உடையோடு கோல்டன் கேட் பாலத்தில் நடந்தால் பனிமூட்டமும் கடற்காற்றும் நடுக்கிவிடும். ஸ்வெட்டர் கட்டாயம். தேதி உங்கள் கையில் என்றால் செப்டம்பர் அல்லது அக்டோபரில் போங்கள்.