இன்-இயர் மானிட்டருக்கு ஸ்டீரியோ மிக்ஸ்: மேடையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேடையில் வாசிப்பவர் தன் மிக்ஸைக் கேட்கக் காதில் செருகும் இயர்போன்தான் இன்-இயர் மானிட்டர். இடது, வலது காதுக்குத் தனித்தனி ஒலி தரும் ஸ்டீரியோ இன்-இயரால் கிடைக்கும் பெரிய லாபம், சத்தத்தைக் குறைத்துக் கேட்க முடிவதுதான். கீபோர்டு ஒரு பக்கம், கிட்டார் இன்னொரு பக்கம் என்று விலகினால் பாடகரின் குரல் நடுவில் தெளிவாக நிற்கும். அதற்காக எதையும் கூட்ட வேண்டியதில்லை. செலவு செய்து செட் வாங்கிய பல குழுக்கள், மிக்சரில் செய்யும் தவறுகளால் இந்த லாபத்தை இழந்துவிடுகின்றன.

பெரும்பாலும் சிக்கல் கணக்கிலேயே தொடங்குகிறது. பெஹ்ரிங்கர் எக்ஸ்32 டிஜிட்டல் மிக்சரில் 16 மிக்ஸ் பஸ் (பல சேனல்களின் ஒலியைச் சேர்த்து வெளியே அனுப்பும் பாதை) உண்டு. ஆளுக்கு இடம், வலம் என இரண்டு என்று எட்டுப் பேருக்குக் கணக்குப் போட்டுவிடுகிறார்கள். ரிவெர்ப், டிலே போன்ற எதிரொலி எஃபெக்ட்டுகளுக்கு நான்கு பஸ் போனால் மிச்சம் ஆறு பேருக்குத்தான். அவுட் எல்லாம் எஸ்16 ஸ்டேஜ் பாக்ஸ் (மேடையிலேயே வயர்களைச் செருகும் பெட்டி) ஒன்றிலிருந்தே எடுப்பதாக இருந்தால் இன்னும் நெருக்கடி: அதில் இருப்பது 8 அவுட். மெயின் ஸ்பீக்கருக்கு இரண்டு போனால் மூன்று பேருக்கே ஸ்டீரியோ. எக்ஸ்ஆர்18 மிக்சரில் ஆக்ஸ் அவுட் (மானிட்டருக்கு எடுக்கும் அவுட்) ஆறுதான். ஐந்து பேர் குழுவாக இருந்தால் பாடகருக்கு மட்டும் ஸ்டீரியோ, மற்ற நால்வருக்கும் மோனோ என்று பிரிப்பதே என் தேர்வு. ஆறு அவுட்டும் சரியாகப் பயன்படும்.

இரண்டு பஸ்ஸை லிங்க் செய்யும்போது 1-2, 3-4 என்றுதான் ஜோடி சேரும், 2-3 சேராது. லிங்க் ஆன பிறகு ஒவ்வொரு சேனலுக்கும் அந்த மிக்ஸில் தனி லெவலும் தனி பேனும் (ஒலியை இடம், வலம் நகர்த்துவது) கிடைக்கும். இந்தப் பேனைத் தொடாமல் எல்லாவற்றையும் நடுவிலேயே விட்டுவிடுவதைத்தான் அதிகம் பார்க்கிறேன். அப்படி விட்டால் இரண்டு அவுட் செலவழித்து மோனோ கேட்பதாகத்தான் அர்த்தம். அவரவர் குரலும் வாத்தியமும் நடுவில் இருக்கட்டும், மற்றவர்களை அவர்கள் மேடையில் நிற்கும் பக்கத்துக்கே தள்ளுங்கள். முழுதாக ஓரத்துக்கு ஒதுக்க வேண்டாம், பாதி தூரமே போதும்.

அடுத்தது ஃபேடர், அதாவது சேனலின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கத் தள்ளும் பொத்தான். மானிட்டர் சென்ட் (சேனலிலிருந்து மானிட்டர் பஸ்ஸுக்கு அனுப்பும் ஒலி) ப்ரீ-ஃபேடரில், அதாவது ஃபேடருக்கு முன்பே பிரியும்படி, இருக்க வேண்டும். போஸ்ட்-ஃபேடரில், அதாவது ஃபேடருக்குப் பின், இருந்தால், கூட்டத்துக்காக இன்ஜினியர் கிட்டாரைக் குறைக்கும்போது கிட்டார் வாசிப்பவர் காதிலும் அது குறைந்துவிடும். ரிவெர்ப் விஷயம் வேறு. அதற்கான சென்ட் வழக்கமாக போஸ்ட்-ஃபேடர்தான். அதனால் பாடகரின் சேனல் ஃபேடர் கீழே இருக்கும்போது சவுண்ட் செக் செய்தால் பாடகர் காதில் ரிவெர்ப் வராது. ரிவெர்ப் திரும்பி வரும் சேனலிலிருந்தும் மானிட்டர் பஸ்ஸுக்கு சென்ட் ஏற்ற வேண்டும்; இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

எல்லாரும் மிக்ஸ் செட் செய்து முடித்த பிறகு ப்ரீஆம்ப் கெயினை (ஒலி மிக்சருக்குள் நுழையும் இடத்திலேயே அதைப் பெருக்கும் அளவு) தொடாதீர்கள். ஒரு மைக்கின் கெயினை 6 டெசிபல் கூட்டினால் அத்தனை பேர் காதிலும் அது 6 டெசிபல் ஏறும்.

பஸ்ஸில் எல்லாம் சரியாக இருந்தும் வயர்லெஸ் இன்-இயருக்கு ஒலி அனுப்பும் டிரான்ஸ்மிட்டர் மோனோ மோடில் இருக்கலாம். வயர்டு பெல்ட்பேக்கில் (இடுப்பில் மாட்டும் சிறு ஹெட்போன் ஆம்ப்) இன்னொரு ஆபத்து உண்டு: ஒரே பேலன்ஸ்டு மோனோ வயரை (ஒரே ஒலியை நேராகவும் தலைகீழாகவும் இரு கம்பியில் அனுப்பும் வயர்) ஸ்டீரியோ மோடில் செருகினால் இரண்டு காதிலும் ஒலி எதிரெதிர் ஃபேஸில் வந்து, தலைக்குள் ஓட்டை விழுந்த மாதிரி கேட்கும். கிளிக் டிராக்கை (தாளம் காட்டும் டிக்-டிக் ஒலி) முழுக்க இடப்பக்கம் பேன் செய்து, இடது காதில் மட்டும் கேட்கிறதா என்று ஒவ்வொருவரையும் பார்க்கச் சொன்னால் இவை இரண்டுமே உடனே பிடிபடும்.

எனக்கு மிகவும் கவலை தருவது, பாடகர்கள் ஒரு காதின் இயர்போனைக் கழற்றிவிட்டுப் பாடுவது. கழற்றிய பக்கம் பேன் செய்தவை குறைந்துபோகும், உடனே மிச்சமுள்ள காதில் சத்தத்தைக் கூட்டுவார்கள். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு, சுகாதார ஆய்வு நிறுவனமான நியோஷ் பரிந்துரைப்படி 85 டெசிபலை 8 மணி நேரம் கேட்கலாம். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 94 டெசிபல் என்றால் 1 மணி நேரம்தான். பெரும்பாலும் இயர்போனைக் கழற்றுவது கூட்டத்தின் சத்தம் கேட்காத தனிமையால்தான். மேடையின் இரு ஓரத்திலும் கூட்டத்தைப் பார்த்து பக்கத்துக்கு ஒரு மைக் வையுங்கள். அவற்றை இடம், வலம் என்று பேன் செய்து மானிட்டர் பஸ்களுக்கு மட்டும் அனுப்புங்கள், மெயினில் சேர்க்க வேண்டாம். அப்புறம் ஒவ்வொரு பஸ்ஸிலும் லிமிட்டர் (சத்தம் ஒரு அளவைத் தாண்டாமல் தடுப்பது) போடுங்கள். கேபிளைப் பிடுங்கும்போது வரும் வெடிப்புச் சத்தம் நேராகக் காதுக்குள் போகக் கூடாது.