பூண்டு ஜீப்பும் ஒரு எர்த் போல்ட்டும்

பூம்பாறையிலிருந்து கொடைக்கானலுக்குப் பூண்டு மூட்டை ஏற்றிப் போகும் எங்கள் பழைய டீசல் ஜீப்பில் மூன்று மாதமாக, பிரேக்கை மிதித்தால் பின்னால் இண்டிகேட்டரும் மினுக்கும். பனிமூட்டத்தில் இது விளையாட்டில்லை. எலக்ட்ரீஷியன் ஒருவர் பெரிய பியூஸாகப் போட்டுக் கொடுத்தார். ஒயர் சூடானதுதான் மிச்சம்.

சரி, நாமே பார்ப்போம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு ஒயராகப் பிடித்துக்கொண்டே போனேன். எல்லாம் கறுப்பு, எங்கு பார்த்தாலும் டேப். பிளாஸ்டர் துண்டு ஒட்டி எண் எழுதி, நோட்டில் படமும் போட்டேன். எங்கும் போய்ச் சேராத ஒயர்கள் மட்டும் 7!

அப்புறம் பேட்டரியை மாட்டி, விளக்கை எரியவிட்டு மீட்டர் வைத்தேன். பேட்டரியில் 12.4 வோல்ட், பின்விளக்கில் 9 சொச்சம். பிளஸ் ஒயரில் குறையில்லை. விளக்கின் உடம்புக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவில்தான் 3 வோல்ட் காட்டியது. அந்த இடத்தில் ஏறக்குறைய ஒன்றுமே காட்டக்கூடாது. அப்படியென்றால் எர்த், அதாவது கரண்ட் வண்டியின் உடம்பு வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு, சரியில்லை. அதனால்தான் பிரேக் விளக்கின் கரண்ட் இண்டிகேட்டர் வழியாகத் திரும்பப் பார்த்திருக்கிறது. எர்த் ஒயரைச் சேஸிஸோடு (வண்டியின் இரும்புச் சட்டம்) பிடித்திருக்கும் போல்ட்டைக் கழற்றினால் அடியில் பச்சைக் களிம்பும் துருவும். உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, ஒயர் நுனிக்குப் புது லக் (போல்ட்டில் மாட்டும் உலோக வளையம்) வைத்து முறுக்கி, மேலே கிரீஸ் தடவினேன். பியூஸையும் பழைய அளவுக்கே மாற்றினேன்.

அப்பா வந்து பார்த்துவிட்டு, "ஒரு போல்ட்டுக்கா மூணு மாசம்டா?" என்றார்.