கொலிவோ: கோதுமையும் பக்குவமாக, சொல்லும் பக்குவமாக

ஜோகன்னஸ்பர்க்கில் செர்பிய, ரஷ்ய, பல்கேரியக் குடும்பங்களோடு பழகும் தமிழர் வீட்டுக்கு என்றாவது ஒரு நாள் 'கொலிவோ' எனும் வேகவைத்த இனிப்புக் கோதுமை வரும். இல்லையென்றால் அதைச் செய்வதற்குக் கை கொடுக்கும்படி அழைப்பு வரும். அடுப்பு மூட்டுவதற்கு முன் அந்த வீட்டில் என்ன விசேஷம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே பண்டம் ஓர் இடத்தில் துக்கத்துக்கு உரியது, வேறோர் இடத்தில் பண்டிகைக்கு உரியது.

'கொலிவோ' என்ற சொல் கிரேக்கத்திலிருந்து வந்தது. இடையில் வரும் 'பீட்டா' எழுத்தைப் இடைக்காலமான பைசாந்தியக் காலத்துக் கிரேக்கர் 'வ' என்று உச்சரித்தார்கள். அதனால்தான் ரஷ்யம், செர்பியம், பல்கேரியம் போன்ற ஸ்லாவிய மொழிகளிலும் 'கொலிவோ' என்று 'வ' நிற்கிறது. கிரேக்கத்தில் பன்மையாக இருந்த 'கொலிவா' இங்கே ஒருமையாகிவிட்டது. 362இல் ரோமப் பேரரசன் ஜூலியன் சந்தை உணவைத் தீட்டாக்கியபோது, புனித தியோடர் பேராயரின் கனவில் வந்து கோதுமையை வேகவைத்து உண்ணச் சொன்னார் என்பது இவர்களின் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவத் திருச்சபை மரபு. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தின் முதல் வாரத்தில் அதை நினைத்தே கொலிவோ மந்திரிக்கப்படுகிறது.

பல்கேரியரிடம் கொலிவோ என்றால் பெரும்பாலும் இறந்தவர் நினைவுக்கானது. செர்பியர் 'கொல்யிவோ' என்பார்கள், பேச்சில் 'ஜிதோ', அதாவது தானியம். நினைவு நாளில் மட்டுமல்லாமல், குடும்பத்தின் காவல் புனிதருக்கான 'ஸ்லாவா' விருந்திலும் அதை வைப்பார்கள். அங்கே போய் அனுதாபம் சொல்லிவிடாதீர்கள். ரஷ்யர் வீட்டில் அதே வகைப் பண்டத்துக்குக் 'குட்யா' என்று பெயர், 'கொலிவோ' பெரும்பாலும் வழிபாட்டு நூல்களின் சொல். உக்ரைனியருக்குக் குட்யா முதலில் நினைவூட்டுவது கிறிஸ்துமஸ் முந்தைய இரவின் இறைச்சி சேராத 12 பதார்த்தங்களைத்தான்.

இனி சமையல். தவிடு நீக்கிய கோதுமை நல்லது. தென்னாப்பிரிக்கக் கடைகளில் அதை 'ஸ்டாம்ப்கோரிங்' என்று கேளுங்கள். 500 கிராமைக் கழுவி இரவு முழுக்க ஊறவைத்து, 2 லிட்டர் தண்ணீரில் மெல்லிய தீயில் வேகவையுங்கள். டர்பனில் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் போதும். ஜோகன்னஸ்பர்க் சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருப்பதால் தண்ணீர் ஏறத்தாழ 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். கூடுதலாக அரை மணி நேரம் ஒதுக்குங்கள். குக்கரில் வைத்தால் சீக்கிரம் வேகும், ஆனால் ஒரு விசில் கூடினாலும் குழைந்துவிடும்.

கெடுவது பெரும்பாலும் ஈரத்தால்தான். வடித்ததும் குளிர்ந்த நீரில் அலசி, வெள்ளைத் துணியில் பரப்பி உலர்த்துங்கள். ஈரம் மிச்சமிருந்தால் மேலே தூவும் சர்க்கரை கரைந்து, அதில் போட்ட சிலுவைக் கோலம் அழிந்துபோகும். டர்பன் வெயில் காலத்தில் புளித்தும் போகும். அங்கே இரவு முழுக்க வெளியில் விடாமல், மின்விசிறிக் காற்றில் ஆறியதும் திறந்த தட்டில் குளிர்பெட்டியில் வையுங்கள்.

செர்பிய முறைக்குக் கோதுமையை அரவை இயந்திரத்தில் அரைத்து, 400 கிராம் வால்நட் பொடி, 300 கிராம் சர்க்கரைப் பொடி சேர்த்துப் பிசைய வேண்டும். ரஷ்ய முறைக்கு அரைக்கத் தேவையில்லை. 150 கிராம் தேனை வெந்நீரில் இளக்கிக் கலந்து, உலர்திராட்சை போட்டால் போதும். உக்ரைனியர் கசகசாவும் சேர்ப்பார்கள். எதிலும் சர்க்கரையோ தேனோ பரிமாறும் நாளில்தான் சேர வேண்டும், முன்கூட்டிச் சேர்த்தால் நீர் விட்டுக்கொள்ளும். விரத நாளில் பாலும் வெண்ணெயும் கூடாது.

நினைவுச் சடங்கு 3, 9, 40ஆம் நாட்களில் வரும். இறந்த நாளையே முதல் நாளாக எண்ணுவார்கள். நம் 16ஆம் நாள் கணக்கை அங்கே கொண்டுபோனால் தேதி தவறிவிடும்.

செர்பியர் வீட்டில் நுழைந்ததும் தட்டு நீட்டப்படும். பக்கத்தில் சுத்தமான கரண்டிகள் இருக்கும், பயன்படுத்தியதைப் போட ஒரு தம்ளர் தண்ணீர் இருக்கும். ஒரு கரண்டி எடுத்து உண்டுவிட்டு, கரண்டியைத் தம்ளரில் போடுங்கள். திரும்ப அதே கரண்டியால் எடுப்பது மரியாதையல்ல. இது தேவாலயத்தில் கிறிஸ்தவர் மட்டுமே பெறும் நற்கருணை அல்ல என்பதால் இந்துக்களும் தயக்கமின்றி உண்ணலாம், சிலுவைக் குறி போட வேண்டியதில்லை. நினைவு நாளில் பல்கேரியரும் செர்பியரும் சொல்வது 'போக் தா புரோஸ்தி', 'கடவுள் மன்னிக்கட்டும்' என்று பொருள்.

மந்திரித்த கோதுமை மீந்தால் குப்பையில் கொட்டாதீர்கள். காக்கைக்குச் சோறு வைக்கும் மதில் மேல் பறவைகளுக்கு வையுங்கள்.