உண்டிவில் கிளைடர்: பால்சாவில் வெட்டி, பறக்கப் பழக்கும் முறை

கிளைடர் என்பது எஞ்சின் இல்லாத சின்ன விமானம். இதற்கு இறக்கை 30 செ.மீ., மொத்த எடை 12 முதல் 15 கிராம், உண்டிவில்போல் ஏவுவதற்கு ஒரு ரப்பர் வளையம். வெட்டி ஒட்ட ஒரு மாலைப்பொழுதும், பசை காய ஓர் இரவும் போதும். ஒழுங்காகப் பறக்க வைக்கத்தான் இரண்டு மூன்று காலைகள் பிடிக்கும். புதிதாகச் செய்பவர்கள் பெரும்பாலும் கோட்டை விடுவதும் அங்கேதான்.

மரம்

இறக்கைக்கு 3 மி.மீ. பால்சாத் தகடு (பால்சா மிக லேசான மரம்), படுத்த வாலுக்கும் நிற்கும் துடுப்புக்கும் 1.5 மி.மீ. தகடு, உடலுக்கு 5 × 10 மி.மீ. கெட்டிக் கட்டை 30 செ.மீ. நீளம். கடைக்குச் சமையலறைத் தராசு ஒன்றைக் கொண்டு போங்கள், வெட்கப்பட வேண்டாம். 10 × 91 செ.மீ. அளவுள்ள 3 மி.மீ. தகடு 30 முதல் 38 கிராமுக்குள் இருக்கட்டும். அதைவிட லேசானது ஏவும்போது ஒடியும், கனமானது கல் மாதிரி இறங்கும். மேற்பரப்பில் மீன் செதில்போலப் புள்ளிகள் மின்னினால் அந்தத் தகடு விறைப்பானது, எளிதில் வளையாது. இறக்கைக்கு அதுதான் வேண்டும்.

வெட்டுதல்

இறக்கை நடுவில் 7 செ.மீ. அகலம், நுனியில் 4.5 செ.மீ. வால் 11 × 4 செ.மீ., நிற்கும் துடுப்பு 4 × 4 செ.மீ. மர இழை இறக்கையிலும் வாலிலும் நீளவாக்கில், துடுப்பில் மேலும் கீழுமாக ஓட வேண்டும். புது பிளேடால் மூன்று நான்கு தடவை மெல்லக் கீறுங்கள். ஒரே அழுத்தில் வெட்டினால் பிளேடு இழையோடு ஓடிவிடும்.

இறக்கையின் அடிப்பக்கம் தட்டையாகவே இருக்கட்டும். மேல்பக்கத்தில் முன்விளிம்பிலிருந்து மூன்றில் ஒரு பங்கில் உயரம் நிற்க, அங்கிருந்து பின்விளிம்புவரை 1 மி.மீ. ஆகும்படி 180 எண் உப்புத்தாளால் சரித்துத் தேய்த்து, 320 எண்ணால் முடியுங்கள்.

V வளைவு

முன்னாலிருந்து பார்த்தால் இறக்கையின் இரு நுனிகளும் V போல உயர்ந்து நிற்க வேண்டும். அதற்கு இறக்கையை நடுவில் இரண்டாக வெட்டுங்கள். ஒரு பாதியின் வெட்டுமுனையை மேசை விளிம்போடு ஒட்ட வைத்து, மறுநுனிக்கு அடியில் 2 செ.மீ. முட்டுக் கொடுங்கள். உப்புத்தாள் சுற்றிய கட்டையைச் செங்குத்தாகப் பிடித்து, மேசை விளிம்பை ஒட்டியே மேலும் கீழும் தேய்த்தால் வெட்டுமுனை சரியான சாய்வுக்கு வந்துவிடும். மறுபாதிக்கும் அப்படியே. இரண்டையும் சேர்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், இடைவெளி தெரியக்கூடாது. பிறகு ஒரு பாதி மேசையில் படுத்திருக்க, மற்றதன் நுனி 4 செ.மீ. உயரத்தில் நிற்கும்படி ஒட்டுங்கள்.

சூப்பர் குளூ காற்றின் ஈரத்தால் இறுகுவது. பினாங்கு ஈரத்தில் சட்டென்று பிடித்துக்கொள்ளும், திருத்த நேரம் தராது. இந்த ஒட்டுக்கு மட்டும் வெள்ளை மரப்பசை வைத்து ஓர் இரவு விடுவதே நல்லது.

பொருத்துதல்

மூக்கிலிருந்து 6 செ.மீ. தள்ளி இறக்கையின் முன்விளிம்பு. உடலின் மேல்முதுகில் இறக்கை உட்காரும் இடத்தை V வளைவுக்கு ஏற்றபடி லேசாகத் தேய்த்துக்கொள்ளுங்கள். வாலும் அதே முதுகில், கடைசியில். துடுப்பும் அங்கேயே, கோணாமல் நேராக நிற்கட்டும். பின்னாலிருந்து பார்க்கும்போது வாலின் இடது நுனி 3 மி.மீ. உயர்ந்திருக்கட்டும். மெல்ல மிதக்கும்போது கிளைடரை இடப்பக்கம் வட்டமடிக்க வைப்பது இந்தச் சாய்வுதான்.

ரப்பரை மாட்டும் கொக்கிக்குச் சாத்தே (இறைச்சி கோத்துச் சுடும்) குச்சி போதும். மூக்கிலிருந்து 2 செ.மீ. தள்ளி அடியில் துளையிட்டு, 1 செ.மீ. துண்டை வால்பக்கம் சாயும்படி ஒட்டுங்கள். நேராக நின்றால் இழுக்கும்போது ரப்பர் வழுக்கிவிடும். 15 செ.மீ. கைப்பிடிக் குச்சியில் 6 மி.மீ. அகல ரப்பரைக் கட்டி, 22 செ.மீ. வளையமாக்கிக்கொள்ளுங்கள்.

வார்னிஷ் பூசுவதானால் மெல்லிய ஒரே பூச்சு, மேலும் கீழும் ஒரே நேரத்தில். ஒரு பக்கம் மட்டும் பூசினால் தகடு அப்பளம்போல் வளையும்.

கையால் எறிந்து பார்த்தல்

மூக்கில் களிமண் ஒட்டி, இறக்கையின் முன்விளிம்பிலிருந்து 3 செ.மீ. பின்னால் இரு விரல்நுனியில் சமநிலை வரும்படி செய்யுங்கள். காற்றில்லாத காலையில் தோள் உயரத்திலிருந்து, மூக்கு சற்றே தாழ, மெல்ல விடுங்கள். 8 மீட்டர் போனால் நல்லது. மூக்கைத் தூக்கித் தூக்கி விழுந்தால் களிமண் சேருங்கள், நேரே தரையைப் பார்த்து இறங்கினால் எடுங்கள். மிளகு அளவுக்கு மேல் ஒரே தடவையில் மாற்றாதீர்கள்.

ரப்பரில் ஏவுதல்

இங்கேதான் குழப்பம். கையால் அழகாக மிதந்தது ரப்பரில் விட்டதும் குட்டிக்கரணம் அடித்து வந்து தரையில் மோதும். காரணம் எளிது: வேகம் மூன்று மடங்கானால் வால் தள்ளும் விசை ஒன்பது மடங்கு, ஆனால் களிமண்ணின் எடை அதேதான். ஆகவே வேகத்தில் வரும் கோளாறை வாலில் திருத்துங்கள், மெல்ல மிதக்கும்போது வரும் கோளாறைக் களிமண்ணில்.

இடது கையில் கைப்பிடி, வலது கையில் உடலின் வால்முனை. இறக்கையைப் பிடிக்காதீர்கள். மூக்கு 45 பாகை மேலே, வலப்பக்கம் 30 பாகை சாய்வு. முதலில் பாதி இழுப்பு மட்டும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், எதிரே ஆள் நிற்கக் கூடாது.

கரணம் அடித்தால் வாலின் பின்விளிம்பில் வாயால் ஊதி ஈரமாக்கி, அரை மி.மீ. கீழே வளைத்துச் சில நொடி பிடியுங்கள். இப்போது கையால் விட்டால் மூக்கு தாழும், களிமண்ணைக் கொஞ்சம் கிள்ளி எடுங்கள். ஏறாமல் தாழ்வாகவே சீறிப் போனால் இரண்டையும் தலைகீழாகச் செய்யுங்கள். மேலே போனபின் இடப்பக்கம் சுருண்டு சுருண்டு விழுந்தால் இடது இறக்கையின் பின்விளிம்பை, நடுப்பகுதியில், 1 மி.மீ. கீழே வளையுங்கள். ஏறும்போதே இடப்பக்கம் புரண்டால் துடுப்பு கோணலாக ஒட்டியிருக்கிறது. வாலைத் தொடாமல் அதை நிமிர்த்துங்கள்.

பறக்கவிடப் பினாங்கின் எஸ்பிளனேட் திடல் பார்க்க அழகுதான், ஆனால் சுவருக்கு அப்பால் கடல். பிறை, பட்டர்வொர்த் பக்கத்துப் பள்ளித் திடல்கள் மேல். பாயான் லெப்பாஸ் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் வேண்டவே வேண்டாம். வெயில் ஏறிக் கடற்காற்று எழும்புவதற்குள் முடித்துக்கொள்ளுங்கள்.

வளைத்த வளைவுகள் ஈரத்தில் மெல்ல நிமிர்ந்துவிடும். அதனால் அடுத்த நாள் ரப்பரை எடுக்குமுன் கையால் ஒரு தடவை விட்டுப் பாருங்கள். இறக்கைக்கு அடியில் கைப்பேசி எண்ணையும் எழுதிவையுங்கள். நன்றாகப் பழகிய கிளைடர் மேலெழும் வெப்பக்காற்றில் மாட்டினால் திடலைத் தாண்டிப் போய்விடும்.