வெள்ளைப்படுதலில் வாடை அடித்தால் செய்யக்கூடாதவை

சென்னையில் எந்தப் பெண்ணுக்கு வெள்ளைப்பட்டாலும் வீட்டில் முதலில் சொல்வது "உடம்பு சூடு" என்பதுதான். இளநீர் குடி, வெந்தயம் ஊறவைத்துச் சாப்பிடு என்பார்கள். சாப்பிடுங்கள், கெடுதல் இல்லை. ஆனால் சாம்பல் கலந்த வெள்ளையாக, நீர்த்து, மீன் கவிச்சி வாடையோடு படுகிறதென்றால் அதற்கும் சூட்டுக்கும் சம்பந்தமில்லை. பெரும்பாலும் அது பாக்டீரியல் வஜினோசிஸ்.

பிறப்புறுப்புக்குள் இருக்கும் லாக்டோபேசில்லஸ் பாக்டீரியாக்கள் லாக்டிக் அமிலத்தை உண்டாக்கி, அங்கே பிஎச் அளவை (இது குறைந்தால் அமிலம் அதிகம்) 4.5-க்குள் வைத்திருக்கின்றன. அவை குறைந்து கார்ட்னெரெல்லா போன்ற வேறு பாக்டீரியாக்கள் பெருகினால் அமிலத்தன்மை இறங்கும், வாடை கிளம்பும். விந்தும் ரத்தமும் காரத்தன்மை உள்ளவை. உடலுறவுக்குப் பிறகும் மாதவிடாய் சமயத்திலும் வாடை தூக்கலாக இருப்பது அதனால்தான்.

இந்த வாடையை அழுக்கு என்று நினைப்பதுதான் பெரிய தவறு. டெட்டால் கலந்த தண்ணீர், படிகாரத் தண்ணீர், வாசனை சோப்பு என்று வரிசையாக முயற்சி நடக்கும். சிலர் விரல் விட்டு உள்ளேயும் கழுவுவார்கள். கழுவக் கழுவ, மிச்சமிருக்கும் நல்ல பாக்டீரியாவும் போய் வாடை இன்னும் கூடும். உள்பக்கம் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும். வெளிப்புறத்துக்கு வெறும் தண்ணீர் போதும். விலை அதிகமான இன்டிமேட் வாஷ் இதற்கு மருந்தே இல்லை, விளம்பரம் என்ன சொன்னாலும் சரி.

அடுத்தது மெடிக்கல் ஷாப். பக்கத்தில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, தாழ்ந்த குரலில் "வெள்ளைப்படுதலுக்கு மாத்திரை" என்று கேட்டால் க்ளோட்ரிமசோலோ ஃப்ளூகோனசோலோ கைக்கு வரும். இரண்டும் பூஞ்சைக்கான மருந்து. பூஞ்சைத் தொற்றில் திரிந்த பால் போலக் கட்டியாகப் படும், அரிப்பு தாங்காது, வாடை அவ்வளவாக இருக்காது. மஞ்சள், பச்சை நிறத்தில் நுரைத்து வந்தால் உடலுறவில் பரவும் டிரைகோமோனாஸாக இருக்கலாம். மருந்து மாறினால் காசும் நாளும்தான் வீண்.

பாக்டீரியல் வஜினோசிஸுக்கு வழக்கமாக எழுதித்தருவது மெட்ரோனிடசோல் மாத்திரை 500 மி.கி., ஒரு நாளைக்கு இரண்டு வேளை, 7 நாள். வாய் இரும்பு மாதிரி கசக்கும். நடுவிலேயே வாடை போய்விடுமா, "சரி, குணமாயிடுச்சு" என்று அட்டையைப் பத்திரப்படுத்திவிடுவோம். பாதியில் நிறுத்தக்கூடாது, அந்த மிச்சத்தை அடுத்த முறைக்கு எடுக்கவும் கூடாது. மாத்திரைக்குப் பதில் உள்ளே வைக்கும் க்ளிண்டமைசின் க்ரீம் தந்தால், அதிலுள்ள எண்ணெய் ஆணுறையைப் பலவீனமாக்கும் என்பதையும் மறக்காதீர்கள்.

முழுசாகச் சாப்பிட்டும் ஒரு வருடத்துக்குள் பாதிப் பேருக்கு மேல் திரும்ப வருகிறது. உங்கள் மேல் தப்பில்லை. 2025-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், கணவன் அல்லது துணைவருக்கும் சேர்த்து மருந்து தந்தபோது திரும்ப வருவது குறைந்தது. அடிக்கடி வந்தால் இதை டாக்டரிடம் கேளுங்கள்.

கர்ப்பிணிகள் கூச்சப்பட்டு மறைக்கவே கூடாது. குறைமாதப் பிரசவத்துக்கு இது ஒரு காரணமாகலாம். எழும்பூர் தாய் சேய் நல மருத்துவமனை, திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரி இரண்டுமே அரசு மருத்துவமனைகள்தான், செலவுக்குப் பயப்பட வேண்டாம். காய்ச்சலோ அடிவயிற்று வலியோ சேர்ந்தால் அன்றைக்கே போய்விடுங்கள்.

அப்புறம், "டாக்டர் பார்ப்பாரே" என்று உள்ளே நன்றாகக் கழுவிவிட்டோ, க்ரீம் வைத்துக்கொண்டோ போகாதீர்கள். சோதிக்க வேண்டிய கசிவே கிடைக்காது.