டியூஷன் ஆசிரியரைத் தேடும்போது பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதிப்பெண் அட்டை வீட்டுக்கு வந்த அன்று மாலையே டியூஷன் தேடக் கிளம்புவதுதான் முதல் தவறு. பயமும் கோபமும் கலந்திருக்கும் அந்த நேரத்தில் அக்கம்பக்கத்தில் விசாரிப்போம். யாராவது ஒரு பெயரைச் சொல்வார்கள். அடுத்த வாரமே பிள்ளை அங்கே உட்கார்ந்திருக்கும். எதற்காக அனுப்பினோம் என்று கேட்டால், "கணக்கில் வீக்" என்பதற்கு மேல் நம்மிடம் பதில் இருக்காது. கணக்கில் எந்த இடம்? அது தெரியாமல் யாருடைய வாசலில் போய் நின்றாலும், பாடப் புத்தகத்தின் முதல் பக்கத்திலிருந்து மறுபடியும் தொடங்குவார்கள். பள்ளியில் ஒருமுறை புரியாமல் போனது, டியூஷனில் இன்னொரு முறை புரியாமல் போகும்.

ஆகவே, தேடலைப் பழைய விடைத்தாள்களிலிருந்து தொடங்குங்கள். கடைசி இரண்டு மூன்று தேர்வுகளின் தாள்களை எடுத்து, மதிப்பெண்ணை மறந்துவிட்டுத் தவறான விடைகளை மட்டும் படியுங்கள். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி சமன்பாடுகளில் தடுமாறுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். தாளைப் பார்த்தால், சமன்பாட்டைச் சரியாகவே அமைத்திருக்கிறாள். பின்னம் வந்த இடத்தில்தான் சறுக்கல்: 1/2-ஐயும் 1/3-ஐயும் கூட்டி 2/5 என்று எழுதியிருக்கிறாள். மேலே இருப்பதை மேலே இருப்பதோடும், கீழே இருப்பதைக் கீழே இருப்பதோடும் கூட்டிவிட்டாள். கீழ் வகுப்பில் விட்டுப்போன பின்னம்தான் இன்றைய சமன்பாட்டைக் கெடுக்கிறது. இவளுக்குச் சில வாரங்கள் பின்னம் மட்டும் சொல்லிக்கொடுக்கத் தெரிந்தவர் போதும். எல்லாப் பாடத்துக்கும் சேர்த்து ஆண்டு முழுவதும் டியூஷன் தேவையே இல்லை.

வேறு மாதிரியான தாள்களும் உண்டு. எழுதியதெல்லாம் சரி, ஆனால் பாதித் தாள் காலி என்றால் அது வேகத்தின் சிக்கல். எண்களில் கேட்டால் சரியாகச் செய்கிற பிள்ளை, அதையே வாக்கியக் கணக்காகக் கேட்டால் விழிக்கிறது என்றால், கணக்கைவிட வாசிப்பில்தான் குறை இருக்கக்கூடும். கரும்பலகையில் இருந்து எழுதிய எண்களே மாறிப்போயிருந்தால், முதலில் கண்ணைப் பரிசோதியுங்கள். எவ்வளவு முயன்றும் எழுத்துகளைக் கோத்து வாசிக்க வரவில்லை, எண்களின் அளவே பிடிபடவில்லை என்றால் டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று அதற்கான நிபுணரிடம் காட்ட வேண்டும். அந்தப் பிள்ளையை டியூஷனுக்கு டியூஷன் மாற்றிக்கொண்டே இருப்பது கொடுமை. தனக்கு அறிவில்லை என்று அது நம்பத் தொடங்கிவிடும். வகுப்பாசிரியரிடமும் ஒரு பத்து நிமிடம் பேசுங்கள். தினமும் பார்ப்பவருக்குத் தெரிந்தது நமக்குத் தெரியாமல் இருக்கலாம்.

அடுத்த தவறு, பெயரை வைத்துத் தேர்ந்தெடுப்பது. "அங்கே படித்தவர்கள்தான் முதல் மதிப்பெண் வாங்கினார்கள்" என்று சொல்வார்கள். சேரும்போதே நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளாக அவர்கள் இருந்திருக்கலாம். சில இடங்களில் நுழைவுத் தேர்வு வைத்து, நன்றாகப் படிப்பவர்களை மட்டுமே சேர்த்துக்கொள்கிறார்கள். நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு: "எங்கள் பிள்ளையைப் போலப் பின்தங்கி வந்த யாராவது உங்களிடம் தேறியிருக்கிறார்களா? அந்தப் பெற்றோரிடம் நாங்கள் பேசலாமா?" பட்டங்களும் அப்படித்தான். பெரிய பட்டம் பெற்றவர் பாடத்தை ஆழமாக அறிந்திருப்பார். ஆனால், ஒரு சிறுமி ஏன் 2/5 என்று எழுதினாள் என்று யோசிக்கும் பொறுமை அவருக்கு இருக்கிறதா என்பதைப் பட்டம் சொல்லாது.

அதைத் தெரிந்துகொள்ள ஒரே வழி, சேர்ப்பதற்கு முன் ஒரு மாதிரி வகுப்பைக் கேட்டு வாங்கி, அருகில் அமைதியாக உட்கார்ந்து கவனிப்பது. இதைத் தவிர்ப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு என்பேன். பிள்ளை தவறான விடை சொல்லும் அந்த நொடியைக் கவனியுங்கள். ஒருவர் அந்த விடையைக் கோடு போட்டு அடித்துவிட்டு, மீச்சிறு பொது மடங்கு எடுக்கும் படிகளைத் தானே எழுதிக் காட்டுவார். பிள்ளை தலையாட்டும், நோட்டு அழகாக நிரம்பும். இன்னொருவர் "எப்படி வந்தது, சொல்லு பார்ப்போம்" என்பார். பிறகு, "பாதியோடு இன்னும் கொஞ்சம் சேர்த்திருக்கிறாய். விடை பாதியைவிடக் குறைந்துவிட்டதே, சரியா?" என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பார். எனக்குச் சந்தேகமே இல்லை, இரண்டாமவரைத்தான் தேடிப் பிடிக்க வேண்டும்.

இதற்கு ஆய்வுகளின் துணையும் உண்டு. அமெரிக்கக் கல்வியியலாளர் பெஞ்சமின் புளூம் 1984-இல் வெளியிட்ட கட்டுரையில், தனியாகக் கற்பிக்கப்பட்ட மாணவர்களில் சராசரியானவர், வழக்கமான வகுப்பில் படித்தவர்களில் 98 சதவீதத்தினரை முந்தினார் என்று எழுதினார். டியூஷன் விளம்பரங்களுக்கு இனிக்கும் செய்தி இது. பின்னாளில் வந்த ஆய்வுகளில் இவ்வளவு பெரிய பலன் தென்படவில்லை. இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்த மாணவர்களுக்கு ஒவ்வொரு பகுதி முடிந்ததும் சிறு தேர்வு வைத்து, பிழைகளைத் திருத்திய பிறகே அடுத்த பகுதிக்குப் போனார்கள். பக்கத்தில் ஓர் ஆசிரியர் உட்கார்ந்திருப்பதால் மட்டும் அந்தப் பலன் வந்துவிடாது. பத்துப் பதினைந்து பேரை, அதுவும் வெவ்வேறு வகுப்புப் பிள்ளைகளை, ஒன்றாக உட்கார வைக்கும் இடத்தில் யாருடைய பிழையை யார் திருத்துவது?

பள்ளியில் பாடம் எடுக்கும் அதே ஆசிரியரிடம் டியூஷன் அனுப்பினால் மதிப்பெண் கூடும் என்று சிலர் கணக்குப் போடுகிறார்கள். வகுப்பில் சொல்ல வேண்டியதை டியூஷனுக்கு ஒதுக்கிவைக்கும் ஆசையை இது வளர்க்கும். டியூஷனுக்கு வராத பிள்ளைகளுக்கு அது அநீதி. இந்தியா உட்படச் சில நாடுகளில் பள்ளி ஆசிரியர்கள் டியூஷன் எடுப்பதற்குச் சட்டத் தடையும் இருக்கிறது.

பாதுகாப்பைப் பற்றிப் பேசக் கூச்சப்படுவது இன்னொரு பெரிய தவறு. "தெரிந்தவர்தானே, பக்கத்துத் தெருதானே" என்று விட்டுவிடுகிறோம். தெருவில் பார்த்துச் சிரித்துக்கொள்வதற்கும், நம் பிள்ளையை ஒரு மணி நேரம் அவர் பொறுப்பில் விடுவதற்கும் நிறைய தூரம் இருக்கிறது. முன்பு அவரிடம் பிள்ளைகளை அனுப்பிய இரண்டு குடும்பங்களிடமாவது, அவர் கொடுத்த பெயர்களைத் தாண்டி, நீங்களே விசாரியுங்கள். வகுப்பு, கதவு திறந்திருக்கும் அறையில், பெரியவர்கள் வந்து போகும் இடத்தில் நடக்கட்டும். கைபேசிச் செய்திகள் பெற்றோர் வழியாகவே போகட்டும். அடிப்பதோ அவமானப்படுத்துவதோ கூடாது என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். நேர்மையான ஆசிரியர் இதற்கெல்லாம் கோபித்துக்கொள்ள மாட்டார். பிள்ளை திடீரென்று "அங்கே போக மாட்டேன்" என்றால், சோம்பல் என்று முடிவுகட்டாமல் அன்று நிறுத்திவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து காரணம் கேளுங்கள்.

பணத்தில், ஆண்டுக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டிவிடாதீர்கள். மாதாமாதம் கொடுங்கள். விடுபட்ட வகுப்பை எப்படி ஈடுசெய்வார் என்பதை முன்பே பேசிவிடுங்கள். தூரமும் முக்கியம். போய்வரும் நேரம் பிள்ளையின் தூக்கத்தையும் விளையாட்டையும் தின்றுவிட்டால், கொஞ்சம் சுமாரான ஆசிரியர் பக்கத்திலேயே இருப்பது மேல்.

சேர்த்த பிறகும் ஒரு தவறு காத்திருக்கிறது: வீட்டுப்பாடம் முடிந்துவிட்டால் டியூஷன் வேலை செய்கிறது என்று நினைப்பது. நோட்டில் விடை பிள்ளையின் கையெழுத்தில் இருந்தாலும், அதை யோசித்தவர் ஆசிரியராக இருக்கலாம். வகுப்பு முடிந்ததும் பிள்ளை கடகடவென்று ஒப்பிப்பதையும் அப்படியே நம்ப வேண்டாம். ரோடிகர், கார்ப்பிக் என்ற உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடத்துக்குப் பிறகு நடந்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்விலோ, வாசித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள். ஆகவே, போன வாரம் டியூஷனில் செய்த ஒரு கணக்கை, எண்களை மட்டும் மாற்றி, இந்த வாரம் தனியாகச் செய்யச் சொல்லுங்கள். அடுத்த தேர்வு மதிப்பெண்ணைவிட இது தெளிவாகக் காட்டிக்கொடுக்கும்.

எப்போது நிறுத்துவது என்பதையும் தொடங்கும்போதே பேசிவிட வேண்டும். பின்னம் தெளிவானால் நிறுத்தலாம் என்றோ, இரண்டு மாதம் கழித்து மூவரும் உட்கார்ந்து பேசலாம் என்றோ வைத்துக்கொள்ளுங்கள். அந்த மூவரில் பிள்ளையும் ஒருவர். "அவரிடம் கேள்வி கேட்க உனக்குப் பயமாக இருக்கிறதா?" என்பதை முதலில் கேளுங்கள். ஆமாம் என்றால், மதிப்பெண் ஏறியிருந்தாலும் வேறு ஆசிரியரைப் பாருங்கள்.