கேமரா அடிக்கடி அணைந்து எரிகிறதா? விலானைப் பாருங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ் பக்கம் கோயிலுக்கும் கடைக்கும் கேமரா மாட்டிக் கொடுப்பவர்களுக்கு இந்தக் குறிப்பு. கேமராக்களைத் தனி விலானுக்கு (VLAN, ஸ்விட்ச்சுக்குள்ளேயே தனியாகப் பிரித்த நெட்வொர்க்) மாற்றிய பிறகு சில நிமிடங்களுக்கு ஒருமுறை படம் போய்ப் போய் வருகிறதா? கேமராவைக் கழற்ற வேண்டாம், கேபிளையும் மாற்ற வேண்டாம்.

நெட்வொர்க் கேபிள் வழியாகவே கேமராவுக்குக் கரண்டும் கொடுக்கும் பிஓஇ (PoE) ஸ்விட்ச் பலவற்றில் தானியங்கிக் கண்காணிப்பு வசதி உண்டு. ஸ்விட்ச் கேமராவின் ஐபிக்கு (நெட்வொர்க் முகவரிக்கு) பிங் அனுப்பும், அதாவது ‘இருக்கிறாயா?’ என்று கேட்கும். சில முறை பதில் வராவிட்டால் அந்த போர்ட்டுக்குக் கரண்டை நிறுத்தித் திரும்பக் கொடுக்கும். ஸ்விட்ச்சின் ஐபி விலான் 1-இல், கேமரா விலான் 20-இல் இருந்து, நடுவே ரவுட்டரும் வழிவிடவில்லை என்றால் பிங் போய்ச் சேரவே சேராது. நன்றாக ஓடுகிற கேமராவைத்தான் ஸ்விட்ச் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் செய்துகொண்டிருக்கும்!

முதலில் அந்தக் கண்காணிப்பை நிறுத்திப் பாருங்கள். படம் நிலையாக வந்தால் காரணம் இதுதான். அப்புறம், கண்காணிப்பைத் திரும்ப ஆன் செய்யும் முன், ஸ்விட்ச்சுக்கு விலான் 20-இலும் ஒரு ஐபி கொடுங்கள். மாடல் அதற்கு இடம் கொடுக்காவிட்டால், எல்எல்டிபி (LLDP, கேபிளின் இரு முனையிலும் உள்ள சாதனங்கள் தங்களை அறிவித்துக்கொள்ளும் முறை) வழியாகக் கண்காணிக்க முடியுமா என்று பாருங்கள். கேமராவிலும் எல்எல்டிபி இருந்தால் போதும், ஐபி தேவையில்லை. கரண்டைத் திரும்பக் கொடுத்தபின் ஸ்விட்ச் காத்திருக்கும் நேரத்தை, கேமரா பூட் ஆக எடுக்கும் நேரத்தைவிடக் கூடுதலாக வையுங்கள்.

படமே வரவில்லை என்றால் அது வேறு சிக்கல். பெரும்பாலும் போர்ட்டை விலான் 20-இல் சேர்த்துவிட்டு பிவிஐடியை (PVID, கேமராவிலிருந்து போர்ட்டுக்குள் வருவது எந்த விலானுக்குப் போக வேண்டும் என்று சொல்லும் எண்) 1-லேயே விட்டிருப்பார்கள்.

சரியானதும் மறக்காமல் சேவ் செய்யுங்கள். லோட் ஷெடிங்கில் கரண்ட் போய் வந்தால், சேவ் செய்யாத மாற்றங்கள் பல ஸ்விட்ச்களில் அழிந்துவிடும்.